சபையில் சீஷத்துவத் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகர்களும் மூப்பர்களும் குழுத் தலைவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சீஷத்துவம் என்றால் இயேசுவைப் பின்பற்றி வாழக் கற்றுக்கொள்வது. நான் முழுநேர ஊழியன் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, எங்கள் சபையின் சிறு குழுக்களுக்குத் தலைவர்களைத் தேடுவதையும் அவர்களைப் பழக்குவதையும் பதினான்கு வருடங்களாகச் செய்துவருகிறேன். ‘தலைவர்’ என்று இங்கே சொல்லும்போதெல்லாம் குருப்பட்டம் பெற்றவரையோ சம்பளம் வாங்கும் ஊழியரையோ சொல்லவில்லை. தன் வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே ஏழெட்டுப் பேருடைய ஆவிக்குரிய வாழ்க்கையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிற சாதாரண விசுவாசியைச் சொல்கிறேன்.

சீஷராக்குவது போதகருடைய வேலைதானே? அதை ஏன் விசுவாசிகளிடம் கொடுக்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சபையில் 120 குடும்பங்கள். போதகர் வாரத்துக்கு மூன்று வீடுகளுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டையும் ஒருமுறை முடிக்க 40 வாரம் ஆகும். ஜனவரியில் ஒருவர் தன் ஜெப வாழ்க்கை வறண்டுபோனதைச் சொன்னால், அடுத்த விசாரிப்பு அக்டோபர் அல்லது நவம்பரில்தான். அவரை அன்பில்லாத போதகர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மனிதனால் முடிந்தது அவ்வளவுதான்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார் எத்திரோ இதைத்தான் கண்டுபிடித்தார். காலை முதல் சாயங்காலம் வரை மோசே தனியாக உட்கார்ந்து ஜனங்களை விசாரிக்கிறார். ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். மோசே மட்டும் களைத்துப்போவார் என்று எத்திரோ சொல்லவில்லை, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இந்த இரண்டாவது பாதியை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். வரிசையில் நிற்பவனுக்கும் களைப்பு உண்டு. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்கள் நியமிக்கப்பட்டது அதற்காகத்தான்.

புதிய ஏற்பாட்டிலும் இதே ஒழுங்குதான். மேய்ப்பர்களும் போதகர்களும் கொடுக்கப்பட்டது பரிசுத்தவான்களைச் சீர்படுத்தி ஊழியத்துக்கு ஆயத்தமாக்குவதற்கு என்று எபேசியர் 4:11, 12 சொல்கிறது. ஊழியத்தைப் போதகர் தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? எதைப் பார்க்க வேண்டும்?

யார் ஏற்கெனவே மற்றவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்குகிற ஒரு அண்ணன் இருந்தார். நாலு வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். நாற்காலி அடுக்குகிறவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஒருநாள் நானும் கூடச் சேர்ந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலைத் தாண்டப்போன ஒரு வாலிபனை அவர் நிறுத்தினார். “தம்பி, அந்த இன்டர்வியூ என்ன ஆச்சு?” என்று கேட்டார். அந்தப் பையன் மூன்று வாரத்துக்கு முன்னால் ஜெப விண்ணப்பமாக அதைச் சொல்லியிருந்தான். கூட்டத்தில் நாங்கள் எல்லோரும்தான் ‘ஆமென்’ சொன்னோம். ஞாபகம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். கிடைக்கவில்லை என்றான் பையன். கையில் இருந்த நாற்காலியை அவர் அடுக்கவில்லை. விரித்துப் போட்டு, “உட்காருப்பா” என்றார். அப்புறம் அரைமணி நேரம் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். தலைவர் இல்லை, தலைவர் இல்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வேதம் கொடுக்கும் தகுதிகளைச் சேர்த்து வாசித்தால் அவை பெரும்பாலும் குணத்தைப் பற்றியவை. எத்திரோ கேட்பது தேவனுக்குப் பயந்த, உண்மையுள்ள, பொருளாசையை வெறுக்கிற திறமைசாலிகளை. அப்போஸ்தலர் 6-இல் கேட்பது நற்சாட்சியும் ஞானமும் ஆவியின் நிறைவும். 1 தீமோத்தேயு 3-இல் வரும் நீண்ட பட்டியலில், போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒருவர் வீட்டிலும் வெளியிலும் எப்படி நடந்துகொள்கிறார், எவ்வளவு காலம் விசுவாசத்தில் நின்றிருக்கிறார் என்பதுதான்.

நடைமுறையில் நான் கவனிக்கிற சில விஷயங்கள் உண்டு. அந்த இடத்தில் இல்லாதவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார்? யாராவது அவரைத் திருத்தினால் முகம் எப்படி மாறுகிறது? ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் வருகிறாரா? அவருடைய பிள்ளைகள் அவரிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா? வீட்டில் அடிக்குப் பயந்து அடங்கியிருக்கிற குடும்பத்தைப் பார்த்து ‘நல்ல ஒழுக்கமான குடும்பம்’ என்று நாம் ஏமாந்துபோவதுண்டு.

பிறகு, முன்னதாகச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 3:10. சோதிப்பது என்றால் பரீட்சை வைப்பது இல்லை. ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். ‘இன்னார் மருத்துவமனையில் இருக்கிறார், போய் ஜெபித்துவிட்டு வர முடியுமா?’ என்று கேளுங்கள். போனாரா, அங்கே கேட்ட விஷயத்தை ஊரெல்லாம் சொன்னாரா, மறுபடியும் ஒருமுறை தானாகவே போனாரா? இந்த மூன்றும் போதும்.

நன்றாகப் பிரசங்கம் செய்கிறவர்தானே நல்ல தலைவராக இருப்பார்?

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆரம்ப காலத்தில் பேச்சு வல்லமை உள்ள ஒரு சகோதரரிடம் 11 பேர் கொண்ட ஒரு குழுவைக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மூன்று பேர்தான் மிச்சம். அப்போதுதான் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஐம்பது நிமிடம் அவர் பேசினார். நன்றாகவே பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சகோதரிக்கு இரண்டு வாரத்துக்கு முன் வேலை போயிருந்தது. அது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கேட்கப்படவே இல்லை.

இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. குழுவை அவரிடம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவன் நான். குழு நடத்துவது எப்படி என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இப்போது அவர் வேதபாட வகுப்பு எடுக்கிறார், அது அவருக்குப் பொருத்தமான இடம். பிரசங்க வரம் தேவன் கொடுத்த வரம்தான். ஆனால் குழுவை நடத்த அதைவிட அதிகமாகத் தேவைப்படுவது மற்றவர்களைப் பேச வைத்து, பொறுமையாகக் கேட்கிற மனம்.

புதிதாக இரட்சிக்கப்பட்டவர் மிகுந்த ஆர்வத்தோடு இருக்கிறார். பொறுப்புக் கொடுக்கலாமா?

சாட்சி சொல்லும் வேலையைத் தாராளமாகக் கொடுங்கள். கிணற்றருகே இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் அன்றைக்கே ஊருக்குள் ஓடி எல்லோரையும் கூப்பிட்டாள், அவளை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மற்றவர்களுடைய ஆத்துமாவை விசாரிக்கும் பொறுப்புக்கு நூதன சீஷன் கூடாது என்று பவுல் எழுதுகிறார். காரணத்தையும் சொல்கிறார்: இறுமாப்பில் விழுந்துவிடுவான். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே, அதாவது அவசரப்பட்டு யாரையும் பொறுப்பில் நியமிக்காதே என்றும் தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். இது அந்தப் புது விசுவாசியைப் பாதுகாக்கத்தான். முதல் சோதனைக் காலம் வரும்போது அவருக்குத் தோள் கொடுக்க ஆள் வேண்டும். அந்த நேரத்தில் ஏழு பேர் அவர் தோளில் சாய்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வார்?

ஆர்வம் வீணாகாமல் இருக்க, ஒரு நல்ல தலைவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிக்கலாமா? அல்லது ஓட்டுப் போடலாமா?

அறிவித்தால் சங்கடம்தான். தகுதியுள்ளவர் பெரும்பாலும் பெயர் கொடுக்க மாட்டார், பெயர் கொடுத்தவரை வேண்டாம் என்று சொல்வது மனவருத்தத்தில் முடியும். ஓட்டு நடந்தால் சொந்தக்காரர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார்.

ஆனால் சபையின் கருத்தைக் கேட்பது அவசியம். அப்போஸ்தலர் 6-இல் ஆட்களைப் பார்த்துச் சொன்னது சபையார். கை வைத்து ஜெபித்து நியமித்தது அப்போஸ்தலர்கள். அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தி விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டது கிரேக்க மொழி பேசின விதவைகளின் தரப்பு. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. வருத்தப்பட்ட பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்ததாகத்தான் தெரிகிறது. உங்கள் சபையில் எந்தப் பக்கம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது? தனியாக வாழ்கிறவர்களா, வாலிபரா, புதிதாகக் குடிவந்தவர்களா? தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

நான் சபையாரிடம் நேரடியாக ‘யார் தலைவராக வேண்டும்’ என்று கேட்பதில்லை. வேறு ஒரு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பேன்: “ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கஷ்டம் வந்தால் சபையில் யாருக்கு முதலில் போன் செய்வீர்கள்?” இருபது பேரிடம் கேட்டால் அதே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றிரண்டு, நீங்கள் எதிர்பார்க்காத பெயராக இருக்கும்.

இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். பன்னிருவரைத் தெரிந்தெடுப்பதற்கு முன் இயேசு இராமுழுதும் மலையில் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. நாமோ கமிட்டிக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் முடிவு செய்கிறோம்.

அவரிடம் எப்படிக் கேட்பது?

வாசலில் நின்றுகொண்டு ‘பிரதர், ஒரு குழு இருக்கு, பாத்துக்கறீங்களா’ என்று கேட்காதீர்கள். அவருடைய வீட்டுக்குப் போங்கள். துணைவரும் கூட இருக்கட்டும். ஏன் அவரிடம் வந்தீர்கள் என்பதை, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள். அப்புறம் வேலையை உள்ளபடி சொல்லுங்கள்: வாரத்தில் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம், போனில் விசாரிக்கவும் யாரையாவது போய்ப் பார்க்கவும் இன்னொரு இரண்டு மணி நேரம், மாதத்தில் ஒருநாள் தலைவர்கள் கூடுகை. ஒரு வருடத்துக்குத்தான் கேட்கிறோம், அதன் முடிவில் உட்கார்ந்து பேசுவோம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் ஜெபிக்க நேரம் கொடுங்கள். ‘முடியாது’ என்று பதில் வந்தால் முகம் வாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைக் கவனிக்கிற ஒரு சகோதரி என்னிடம் முடியாது என்றார். அந்த வருடம் அவருக்குத் தேவன் கொடுத்த ஊழியம் அதுதான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அதிகம் படிக்காதவர் தலைவராகலாமா?

ஆகலாம். அப்போஸ்தலர்கள் பேதுருவையும் யோவானையும் பார்த்து யூத ஆலோசனைச் சங்கத்தார் ஆச்சரியப்பட்டதே அவர்கள் படிப்பறியாதவர்கள் என்பதால்தான்; அவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்றும் அறிந்துகொண்டார்கள். வாசிக்கச் சிரமம் என்றால் குழுவில் இன்னொருவர் வாசிக்கட்டும்.

பெண்களைத் தலைவர்களாக நியமிக்கலாமா?

பிரசங்க பீடத்தைப் பற்றிச் சபைக்குச் சபை வேறு வேறு முடிவு இருக்கிறது, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் முதிர்வயதுள்ள பெண்கள் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது தீத்து 2-இல் தெளிவாகவே இருக்கிறது. அப்பொல்லோ என்ற பிரசங்கி வேதாகமங்களில் வல்லவர், ஆனால் யோவான் ஸ்நானகனுடைய ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், கூடாரத் தொழில் செய்து பிழைத்த கணவன் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள். ஒரு பெண் தன் திருமண வாழ்க்கையின் வேதனையை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் குழுவில் சொல்ல மாட்டார். அவருக்கு ஒரு அக்கா வேண்டும். பெண் தலைவர்கள் இல்லாத சபையில் பாதிப் பேருடைய பாரம் யாருக்கும் தெரியாமல் போகிறது.

பயிற்சி எப்படிக் கொடுப்பது? வகுப்பு நடத்தினால் போதாதா?

ஆறு அல்லது எட்டு வகுப்புகள் நல்லதுதான். அதோடு முடித்துவிட்டால் நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்தது போல இருக்கும்.

இயேசு பன்னிருவரை ஏற்படுத்தியதை மாற்கு 3:14 சொல்லும்போது, அவர்கள் தம்மோடிருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்கிறது. பிரசங்கிக்க அனுப்புவது அடுத்துத்தான். கூட இருப்பதுதான் முதல் பாடம். அதனால் நாங்கள் செய்வது இப்படி. முதல் மூன்று மாதம் புதியவர் ஒரு அனுபவமுள்ள தலைவரின் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வீடு சந்திக்கப் போகும்போதும் கூடப் போவார். அடுத்த மூன்று மாதம் கூட்டத்தில் ஒரு பகுதி அவருடையது. ஒரு வாரம் ஜெப நேரத்தை நடத்துவார், ஒரு வாரம் கேள்விகளைக் கேட்பார். அதற்கடுத்து முழுக் கூட்டத்தையும் அவர் நடத்த, தலைவர் ஒரு ஓரமாக வாயைத் திறக்காமல் இருப்பார். கடைசியாகத்தான் தனிக் குழு.

இந்த எல்லா மாதங்களிலும் விடாமல் செய்ய வேண்டியது கூட்டம் முடிந்த பிறகு வரும் பதினைந்து நிமிடப் பேச்சு. எல்லோரும் போனபின் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, இன்றைக்கு யார் பேசவே இல்லை, எந்தக் கேள்விக்கு யாருடைய முகம் மாறியது, நாம் எங்கே அவசரப்பட்டோம் என்று பேசிக்கொள்ள வேண்டும். என்னைப் பொறுத்தவரை தலைவர்கள் உருவாவது இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். களைப்பாக இருக்கும், நேரமாகிவிட்டிருக்கும், வீட்டில் காத்திருப்பார்கள். ஆனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

லூக்கா 10-இல் இதே முறையைப் பார்க்கலாம். இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். திரும்பி வந்து சந்தோஷமாக நடந்ததைச் சொல்கிறார்கள். பிசாசுகள் கீழ்ப்படிவதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று அவர்களுடைய சந்தோஷத்தையே திருத்துகிறார். அனுப்பினார், கேட்டார், திருத்தினார். இந்த மூன்றில் அனுப்புவதோடு பல சபைகள் நின்றுவிடுகின்றன.

பாடமாக என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

விசுவாசத்தின் அடிப்படைகளை அவர் தன் சொந்த வார்த்தையில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்: சுவிசேஷம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், திருவிருந்து, ஜெபம், பரிசுத்த ஜீவியம். உங்கள் சபையின் உபதேசம் என்னவோ அதன்படி. வேதப்பகுதியை வாசித்து, இது என்ன சொல்கிறது, என்ன பொருளில் சொல்கிறது, எனக்கு இதில் என்ன கீழ்ப்படிதல் இருக்கிறது என்ற மூன்று கேள்வியோடு குழுவை நடத்தப் பழக்குங்கள். சுருக்கமாக ஜெபிக்கவும் பழக்குங்கள். தலைவர் பத்து நிமிடம் ஜெபித்தால் வாய்விட்டு ஜெபிக்கத் தெரியாத புதியவர் இன்னும் ஒடுங்கிப்போவார். ‘எனக்குத் தெரியலை, கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்’ என்ற வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழக வேண்டும். சொன்னபடி அடுத்த வாரம் பதில் கொண்டுவரவும் வேண்டும்.

கேட்பதற்குக் கூடப் பயிற்சி வேண்டுமா?

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் வேண்டும். நாங்கள் செய்யும் பயிற்சி எளிமையானது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் மனதில் உள்ள ஒரு கவலையை ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். மற்றவர் ஆலோசனை சொல்லக்கூடாது, வசனம் சொல்லக்கூடாது, தன் கதையைச் சொல்லக்கூடாது. கடைசியில், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை ஒரு சகோதரர் தன் மகன் ஒரு வருடமாகத் தன்னிடம் பேசுவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, எதிரே இருந்தவர் ரோமர் 8:28-ஐச் சொல்லிவிட்டார், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று. வசனம் சத்தியம்தான். ஆனால் அந்தத் தகப்பன் “ஆமா பிரதர்” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் பேசவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னோம். இந்த முறை எதிரே இருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மூன்றாவது நிமிடத்தில்தான் அந்தத் தகப்பன், தான் அவனை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டதைச் சொன்னார். உண்மையான பாரம் அங்கே இருந்தது. முதல் முறை வசனம் அதன் வாசலை மூடிவிட்டது.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவு பகலாக ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

சாதாரண விசுவாசிகளை வைத்து இப்படி நடத்தி வெற்றி கண்டவர்கள் வரலாற்றில் உண்டா?

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற குரு நடத்திய மெத்தடிஸ்ட் சங்கங்கள் நல்ல உதாரணம். அது தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1742-இல் பிரிஸ்டலில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்று கேள்வி வந்தது. ஏழைகளில் 11 பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நானே கொடுக்கிறேன் என்றார் அவர். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்து வாரந்தோறும் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் குடும்பச் சண்டை, குடி, பின்மாற்றம் எல்லாம் கண்ணில் பட்டது. தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. காசு வசூலிக்கப் போனவர்கள் ஆத்துமாக்களை விசாரிக்கிறவர்கள் ஆனார்கள். பிறகு வீடு வீடாகப் போவதற்குப் பதில் வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட ஆரம்பித்தார்கள். அந்தத் தலைவர்கள் சாதாரண விசுவாசிகள், பெண்களும் இருந்தார்கள்.

குழுவில் சொல்லும் விஷயம் வெளியே போகாமல் காப்பது எப்படி? எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க வேண்டுமா?

பொதுவாக, ஆம். ஜெபத்துக்காக என்ற பெயரில் இன்னொருவரிடம் சொல்வதும் புறங்கூறுதல்தான். ஒருமுறை வெளியே போனால் அந்தக் குழுவில் அப்புறம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

ஆனால் சில விஷயங்களுக்கு ரகசியம் கிடையாது. குழந்தைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள், வீட்டில் அடி உதை நடக்கிறது, ஒருவர் உயிரை விட நினைக்கிறார் என்றால் தலைவர் அதைத் தனக்குள் பூட்டி வைக்கக்கூடாது. அன்றைக்கே போதகரிடம் போக வேண்டும், அங்கே நின்றுவிடாமல் மருத்துவரிடமோ சட்டப்படி சொல்ல வேண்டிய அதிகாரிகளிடமோ போக வேண்டும். சபையின் நல்ல பெயரைக் காப்பாற்ற மூடி மறைப்பது, அடிபட்டவரை இரண்டாவது முறை அடிப்பது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே சத்தியம் செய்துகொடுக்க வேண்டாம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவுக்குள் தலைவர் கடன் வாங்கவோ கொடுக்கவோ சீட்டுப் பிடிக்கவோ கூடாது. உதவி தேவைப்பட்டால் சபை வழியாகப் போகட்டும்.

ஒரு தலைவருக்கு எத்தனை பேர்?

ஆறிலிருந்து எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் பேசாதவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். முடிந்தால் இரண்டு தலைவர்கள் சேர்ந்து நடத்தட்டும்.

தலைவர்களை யார் கவனிப்பது?

போதகர். அவருடைய முக்கியமான மந்தை இந்தத் தலைவர்கள்தான். மாதம் ஒருமுறை கூடும்போது வருகைக் கணக்கை மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். ‘உங்க ஜெபம் எப்படி இருக்கு? வீட்ல எப்படி இருக்கீங்க? சரியா தூங்குறீங்களா?’ என்று கேளுங்கள். மற்றவர்களின் பாரத்தைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போகிறவர்கள் உண்டு. வருடத்தில் ஒரு மாதமாவது குழுவுக்கு விடுமுறை கொடுத்து, தலைவர்கள் வெறுமனே உட்கார்ந்து வசனம் கேட்கட்டும்.

தலைவர் பாவத்தில் விழுந்துவிட்டால்?

மெதுவாக, ஆனால் தாமதிக்காமல் பேசுங்கள். சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்கிறது கலாத்தியர் 6:1. பொறுப்பிலிருந்து இறக்குவதும் ஐக்கியத்திலிருந்து தள்ளுவதும் ஒன்றல்ல. பொறுப்பை எடுத்துக்கொண்ட அன்றைக்கே, அடுத்த சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துவிட்டு வாருங்கள். குற்றமாக எதுவும் இல்லாமல் வேலை மட்டும் பொருந்தவில்லை என்றால், ஒரு வருடக் கெடு அங்கே உதவும். அவமானமில்லாமல் வேறு ஊழியத்துக்கு மாற்றிவிடலாம். யாரையாவது ஏமாற்றியோ துன்புறுத்தியோ இருந்தால் இந்த மென்மை பொருந்தாது, முதலில் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றுங்கள்.

பழக்கிவிட்டால் தனியாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு பிரிந்து போய்விடுவார்களே?

இந்தப் பயத்தைப் போதகர்கள் மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். நியாயமான பயம், அப்படி நடந்தும் இருக்கிறது. நான் பார்த்த பிரிவுகளில் பெரும்பாலும் அந்தத் தலைவரோடு போதகர் பல மாதமாக மனம்விட்டுப் பேசியிருக்கவில்லை. கட்டுப்பாட்டை இறுக்கியிருந்தால் சீக்கிரமே பிரிந்திருப்பார்கள்.

வெஸ்லிக்கும் இந்தப் பயம் வந்தது. அவர் வெளியூரில் இருந்தபோது குருப்பட்டம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நிறுத்துவதற்காக வேகமாக லண்டனுக்குத் திரும்பினார். அவருடைய தாய் சுசன்னா, உன்னைப் போலவே அவரும் தேவனால் அழைக்கப்பட்டவர்தான், கனியைப் பார், முதலில் நீயே போய்க் கேள் என்ற பொருளில் சொன்னார். வெஸ்லி போய்க் கேட்டார். தடுக்கவில்லை. பிற்காலத்தில் மேக்ஸ்ஃபீல்டு அவரை விட்டுப் பிரிந்துதான் போனார். அதற்காக மற்ற சாதாரணப் பிரசங்கிகளை வெஸ்லி நிறுத்திவிடவில்லை.

எங்களுடையது சின்ன சபை. முன்வர யாருமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒருவரோடு தொடங்குங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசியுங்கள். வீடு சந்திக்கப் போகும்போது அவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். குழு, அமைப்பு, பெயர்ப்பலகை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வருடம் கழித்து அவர் இன்னொருவரோடு உட்காரட்டும், நீங்களும் வேறொருவரோடு.

அடுத்தவரை உருவாக்கும் நிலைக்கு ஒரு தலைவர் எப்போது வருவார்?

முதல் நாளே. 2 தீமோத்தேயு 2:2-ஐ எண்ணிப் பாருங்கள்: பவுல், அவரிடம் கேட்ட தீமோத்தேயு, அவர் ஒப்புவிக்க வேண்டிய உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப் போகிற மற்றவர்கள். ஒரே வசனத்தில் நாலு தலைமுறை. அதனால் எங்கள் சபையில் எந்தக் குழுவும் உதவித் தலைவர் இல்லாமல் தொடங்குவதில்லை. முழுதாகக் கைமாற்றிக் கொடுக்க, என் அனுபவத்தில், ஒன்றரை இரண்டு வருடம் ஆகும்.

கைமாறும் அன்று எங்கே உட்காருகிறீர்கள் என்பது முக்கியம். வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்தில் புதிய தலைவர் உட்காரட்டும், நீங்கள் பக்கவாட்டில் போய்விடுங்கள். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டுவிட்டுப் பழக்கத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதில் தெரிந்தாலும் சொல்லாதீர்கள், புதிய தலைவரைத் திரும்பிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவர்களும் அவரைப் பார்க்கப் பழகிவிடுவார்கள்.